பாவலர் தம்பி

திருவண்ணாமலையைத் தீயின் தலம் என்று சைவர் போற்றுவர். ஆண்டுதோறும் கார்த்திகைத் திங்களில், 2,668 அடி உயரமுள்ள அம்மலையின் முடியில் ஏற்றப்படும் தீபம் பல கல் தொலைவுக்கும் தெரியும். தீயினால் பேர்பெற்ற அவ்வூர் பாட்டினாலும் பேர்பெற்றது என்பது பலருடைய நினைவில் நிற்பதில்லை. மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியது அவ்வூரில்தான் என்பது மரபு. சந்தப் பாவில் இணையற்றவராகிய அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்தார். மதுரையில் பள்ளிப் பிள்ளையாக இருந்த வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுச் சிறுவன் 1896 செப்டம்பர் 1 அன்று அவ்வூரை அடைந்து, பின்னர் இரமண மகரிசி என்று அறியப்பட்டார். அவரும் பாட்டு எழுதினார்.

முழுநிலா நாள்களில் மக்கள் வெள்ளம் அம்மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நடக்கிறது. வழியெங்கும் சிறு கடைகள், கடைதோறும் ஒலிபெருக்கி. பழைய பதிகங்களுக்கு இடையே, இரமணரை விளித்துப் பாடும் புதிய பாடல்கள் சிலவும் அங்கே ஒலிக்கும். அவற்றின் சொல்லும் ஒருவருடையவை; மெட்டும் அவருடையதே; பல இடங்களில் குரலும் அவருடையதே. அவர் அவ்வூரில் பிறந்தவர் அல்லர். அரசியல் மேடைகளில் பெண்குரலில் பாடித் தம் கலைவாழ்வைத் தொடங்கிய சிறுவர் அவர். அவரே இளையராஜா.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் பண்ணைப்புரம் என்னும் சிற்றூர் உள்ளது. இன்று தேனி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர் அந்நாளில் மதுரை மாவட்டத்தில் இருந்தது. இளையராஜா 1943 சூன் திங்களில் அங்குப் பிறந்தார். தந்தையார் இராமசாமி தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாகப் பணிபுரிந்தவர். மகன் சிறுவனாக இருந்தபோதே மறைந்தார். தாயார் சின்னத்தாய். நாற்று நடும்போது ஒரு பாட்டு, தொட்டிலை ஆட்டும்போது ஒரு பாட்டு, இறந்தாரைச் சூழ்ந்து அமர்ந்து அழும்போது ஒரு பாட்டு என்று வாழ்வின் ஒவ்வொரு நிலைக்கும் பாட்டு வைத்திருந்த உழைக்கும் மக்களிடையே அச்சிறுவன் வளர்ந்தான். தாயார் பாடிய நாட்டுப்பாடல்களே தம் இசைக்கு ஊற்று என்று பிற்காலத்தில் அவர் பலகால் கூறினார்.

அவருடைய தமையனார் வரதராஜன். மக்கள் அவரைப் பாவலர் என்றே அழைத்தனர். அவர் பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்தவர்; ஊர் ஊராகச் சென்று கட்சிக் கூட்டங்களில் பாடுவார். அக்காலக் கூட்டங்களில் பாட்டுக்கு இருந்த இடத்தை இக்காலத்தார் உணர்வது அரிது. வீடுதோறும் வானொலி இல்லை. தொலைக்காட்சியோ கேள்விப்படாத பொருள். பேச்சாளர் வந்து சேரும்முன் கூட்டம் சேர வேண்டும். சேர்ந்த கூட்டம் கலையாமல் இருக்கவும் வேண்டும். அவ்விரண்டையும் செய்தவர் பாடகரே. மக்கள் வாயில் ஏற்கனவே வழங்கிவந்த மெட்டை எடுத்துக்கொண்டு, அதற்குள் கூலி, விலைவாசி, நிலம், தேர்தல் ஆகிய செய்திகளைப் பொருத்திப் பாடுவது பாவலரின் முறை. மெட்டு பழையது ஆதலால் கேட்டவுடன் மனத்தில் பதியும். சொல் புதியது ஆதலால் செவி விழித்துக்கொள்ளும். திரைப்பாடல் எழுதுவோர் பின்னாளில் நாள்தோறும் செய்த வேலையைப் பாவலர் வயல்வெளி மேடையிலேயே செய்துவந்தார்.

ஏறத்தாழப் பதினான்கு வயதில் தம்பி அக்குழுவில் சேர்ந்தார். 1958ஆம் ஆண்டில் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. தமிழ்த் தொழிலாளர் நிறைந்த தேயிலைத் தோட்டங்கள் அத்தொகுதியில் மிகுதி. பொதுவுடைமைக் கட்சியின் வேட்பாளராகிய உரோசம்மா புன்னூசுக்காகப் பாவலர் அங்கே பாடினார். உரோசம்மா வென்றார். வெற்றியில் பாவலரின் பாட்டுக்கும் பெரும்பங்கு உண்டு என்று அந்நாள் முதலமைச்சர் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு பாராட்டியதை இளையராஜா பெருமையுடன் நினைவுகூர்வது வழக்கம்.

குழுவில் தம்பிக்குக் கிடைத்த பணி பெண்குரலில் பாடுவது. கணவன் மனைவி உரையாடலாகவும், உழவன் உழத்தி வாதமாகவும் அமைந்த பாடல்களுக்குப் பெண்குரல் இன்றியமையாதது. இரவோடு இரவாக ஊர்விட்டு ஊர் செல்லும் குழுவில் பெண்கள் சேர்வதோ அரிது. ஆதலின் மீசை அரும்பாத சிறுவனின் மென்குரல் அக்குழுவுக்குப் பெருஞ்செல்வமாக அமைந்தது.

அச்செல்வம் நெடுநாள் நிலைக்கக் கூடியது அன்று. ஆண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதுமுதல் பதினாறு வயதுவரையிலான காலத்தில் குரல்வளை விரைந்து வளர்கிறது. அதனுள் இருக்கும் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. வீணையில் குறுகிய மெல்லிய தந்தி உயர்ந்த ஒலியையும், நீண்ட தடித்த தந்தி தாழ்ந்த ஒலியையும் தருதல் போல, வளர்ந்த நாண்கள் முன்னையினும் ஏறத்தாழ ஒரு தாயி தாழ்ந்து ஒலிக்கின்றன. சிறுவனாக இருந்தபோது நொடிக்கு ஏறக்குறைய 250 முறை அதிர்ந்த நாண், ஆளான பின் 125 முறை அளவிலேயே அதிர்கிறது. இம்மாற்றம் ஒரே நாளில் முடிவதில்லை. பல திங்கள் குரல் ஏறியும் இறங்கியும் பிளந்தும் ஒலிக்கும்; எண்ணிய சுரம் ஒன்றாக இருக்க, வாயில் வருவது வேறொன்றாக இருக்கும். வீட்டில் பேசும் பிள்ளைக்கு இது சிரிப்புக்கு இடமான செய்தி. மேடையில் பாடிப் பிழைக்கும் பிள்ளைக்கோ பிழைப்பே போய்விடும்.

இளையராஜாவுக்கும் அந்நாள் வந்தது. பெண்குரல் கைவிட்டது. அவ்விடத்தைத் தம்பி அமர் பெற்றார். அவரே பின்னர்க் கங்கை அமரன் என்னும் பெயரில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் விளங்கியவர். பாடுவதற்கென்றே வந்த சிறுவர், பாட முடியாமற்போன பின் குழுவில் எதற்கு என்னும் வினா எழுந்தது. வினாவுக்கு விடை ஆர்மோனியம் என்னும் பெட்டிக்குள் இருந்தது. அதனையோ தமையனார் எவரையும் தொடவிடார். தொட்டால் கையில் பிரம்படி விழும். அண்ணன் வெளியே சென்றிருக்கும் நேரம் பார்த்துத் தம்பி அதனை எடுத்துப் பழகினார்.

இசை கற்பாருக்கு ஆர்மோனியம் செய்யும் உதவி தனி. துருத்தி காற்றை ஊத, பித்தளை நாக்குகள் அதிர்ந்து ஒலி தருகின்றன. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே ஒலி. அது ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. நம்மிசைக்கு உயிராகிய கமகம் அதில் வராது என்று கருநாடக இசைவாணர் பலர் அதனை வெறுத்தனர். வானொலி நிலையத்தாரும் 1940 முதல் பல்லாண்டு அதனைத் தம் கூடத்திற்குள் விடவில்லை. அவ்வெறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் குரல் உடைந்த பிள்ளைக்கு அக்கருவி அளித்தது பெரிது. தொண்டைக்குள் மறைந்து கிடந்த சுரங்கள் கண்முன் வரிசையாகக் கிடந்தன. இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கச் செய்யலாம்; மூன்றையும் சேர்க்கலாம். ஒரே நேரத்தில் ஒரு குரல் ஒரு சுரத்தைத்தான் பாடும் அன்றோ? பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் அழகே பின்னாளில் அவருடைய இசைக்குத் தனிமுத்திரை ஆயிற்று.

ஏறத்தாழப் பத்தாண்டுகள் அக்குழு தென்னாடெங்கும் சுற்றியது. 1964ஆம் ஆண்டில் நேரு மறைந்தபோது கவிஞர் கண்ணதாசன் இரங்கற்பா ஒன்று எழுதினார். அதற்கு மெட்டமைத்ததே இளையராஜாவின் முதல் இசையமைப்பு. இறந்தாரைப் பாடும் ஒப்பாரியைச் சிறுவயதுமுதல் கேட்டவருக்கு முதலில் வாய்த்த பாடலும் இரங்கற்பாடலாகவே இருந்தமை எண்ணத்தக்கது.

1968ஆம் ஆண்டில் சென்னைக்குச் செல்ல உடன்பிறந்தார் துணிந்தனர். கையில் பொருள் இல்லை. தாயார் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை நானூறு ரூபாய்க்கு விற்று அத்தொகையைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். தமக்கென்று அவர் அதில் ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் பாட்டு ஒருநாள் வானொலியில் வரக்கூடும். அந்நாளில் அதனைக் கேட்க வீட்டில் பெட்டி இராது. அதனை எல்லாம் அவர் எண்ணினாரோ இல்லையோ, பெட்டியை விற்றுவிட்டார்.

சென்னையில் தன்ராஜ் என்னும் ஆசிரியர் மயிலாப்பூர் விடுதி ஒன்றின் அறையில் மேனாட்டு இசை கற்பித்துவந்தார். சுரங்களை ஐந்து கோடுகளில் எழுதும் முறையையும், பியானோ, கிட்டார் ஆகிய கருவிகளையும் இளையராஜா அவரிடம் கற்றார். வீட்டில் இராசையா என்று வழங்கிய பெயரை ராஜா என்று சுருக்கியவரும் அவ்வாசிரியரே. இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார்த் தேர்வில் இளையராஜா தங்கப் பதக்கம் பெற்றார். கருநாடக இசையை டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். பகலில் கற்றல், இடையில் பிழைப்பு. வங்கத்து இசையமைப்பாளர் சலீல் சௌதுரிக்குக் கிட்டார் வாசித்தார்; கன்னடப் படங்களில் புகழ்பெற்ற ஜி. கே. வெங்கடேசுக்கு உதவியாளராகப் பல படங்களில் பணிசெய்தார். பாவலர் வரதராஜன் 1973ஆம் ஆண்டில் மறைந்தார். தம்பியின் வெற்றியைக் காண அவர் இல்லை.

1976ஆம் ஆண்டில் பஞ்சு அருணாசலம் 'அன்னக்கிளி' என்னும் படத்தின் இசைப்பொறுப்பை இளையராஜாவிடம் ஒப்படைத்தார். பாவலர் சகோதரர்கள் என்னும் பெயரையே படத்தில் இடலாம் என்று உடன்பிறந்தார் விரும்பினர். அது பழம்பாணியாக இருக்கிறது என்று கருதிய பஞ்சு அருணாசலம், ராஜா என்பதற்கு முன் இளைய என்னும் அடையைச் சேர்த்தார், ஏ. எம். ராஜா என்னும் புகழ்பெற்ற பாடகர் முன்னமே இருந்தார் அன்றோ? முதற்பாட்டைப் பதிவுசெய்யத் தொடங்கிய வேளையில் மின்சாரம் நின்றது. தீய நிமித்தம் என்று அங்கிருந்தோர் முணுமுணுத்தனராம். மின்சாரம் திரும்பியது, பாட்டும் பதிவாயிற்று. நாற்று நட்ட பெண்கள் பாடிய பாட்டின் சாயல் திரையரங்கில் ஒலித்ததைக் கேட்டுத் தமிழ்நாடு வியந்தது. அதன்பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை: ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள், ஐந்து தேசிய விருதுகள், 2018ஆம் ஆண்டில் பத்ம விபூசண், 2022இல் மாநிலங்களவையில் நியமன உறுப்பினர் பதவி.

இசையமைப்பாளராக அவர் அடைந்த வெற்றி ஒருபுறம் இருக்க, பாட்டெழுதுபவராக அவர் ஆனது எவ்வாறு என்பது வேறு கதை. திரைப்பாடல் இரு வகையில் பிறக்கும். கவிஞர் முதலில் எழுத, அதற்கு மெட்டமைப்பது ஒருவகை. மெட்டை முதலில் அமைத்து, அதற்கேற்பக் கவிஞர் எழுதுவது மற்றொருவகை. திரையுலகில் பிற்காலத்தில் பெருவழக்காய் ஆனது இதுவே. மெட்டமைப்பவர் தன்னன்னா, தானன்னா என்று பொருளற்ற அசைகளால் பாடிக் காட்டுவார். நெடில் நிற்க வேண்டிய இடத்தில் குறில் வந்தால் பாட்டு இடறும். மெட்டு மெல்ல இழையும் இடத்தில் வல்லெழுத்து வந்தால் கல்லில் கால்பட்டது போலாகும். பொருளும் வேண்டும், ஓசையும் வேண்டும், கதையின் இடத்துக்கும் ஏற்றதாக வேண்டும். இம்மூன்றும் சில மணி நேரத்தில் கூடிவர வேண்டும்.

இவ்வேலை தமிழுக்குப் புதியதன்று. திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதனைச் செய்து காட்டினார். தத்த, தந்த, தய்ய, தன என்னும் அசைகளால் ஒரு சந்தத்தை முதலில் வகுத்துக்கொள்வார். தத்த என்று வரும் இடமெல்லாம் வல்லொற்று நிற்க வேண்டும். தந்த என்னும் இடத்தில் மெல்லொற்று நிற்க வேண்டும். தய்ய என்பதற்கு இடையொற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட திருப்புகழ்ப் பாக்கள் இக்கட்டுக்குள் அடங்கி நிற்கின்றன. கட்டு ஒன்று இருப்பதே தெரியாதபடி பாட்டு துள்ளிச் செல்வதுதான் அவற்றின் சிறப்பு.

இளையராஜா பல்லாண்டுகள் பிறர் எழுதிய சொற்களுக்கே இடம் தந்தார். கண்ணதாசன், வாலி, பஞ்சு அருணாசலம், வைரமுத்து, தம்பி கங்கை அமரன் முதலியோர் அவருடைய மெட்டுகளுக்கு எழுதினர். 1985ஆம் ஆண்டில் வெளிவந்த 'இதயகோவில்' படத்தில் அவரே ஒரு பாடலை எழுதினார். மெட்டைத் தந்த கையே சொல்லையும் தரத் தொடங்கியது. பின்னர் வெண்பா யாப்பையும் பயின்று எழுதினார். 'சங்கீதக் கனவுகள்', 'பால் நிலாப் பாதை', 'துளிக்கடல்' முதலிய நூல்களும் வெளிவந்தன. அவற்றைப் பெருங்கவிஞர் நூல்களோடு ஒப்பிடுதல் முறையன்று. பண்டிதர் குறைகாணும் இடங்கள் அவற்றில் உண்டு. ஆனால் பாடினால் சொல் எங்கும் இடறுவதில்லை. வாயில் எது நிற்கும், எது நழுவும் என்பதைப் பாவலரின் மேடையில் பெண்குரலாக நின்றபோதே அவர் அறிந்திருந்தார்.

2005ஆம் ஆண்டில் மாணிக்கவாசகரின் திருவாசகத்திலிருந்து சில பகுதிகளைத் தெரிந்தெடுத்து, அங்கேரி நாட்டுப் புடாபெசுட்டு இசைக்குழுவைக் கொண்டு அவர் இசைவடிவம் தந்தார். அங்கே சொல் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. அதில் ஓர் எழுத்தையும் மாற்றுவதற்கில்லை. மெட்டுத்தான் சொல்லுக்கு வளைய வேண்டும். இருபது ஆண்டுகளுக்குப் பின், 2025 மார்ச்சு 8 அன்று இலண்டன் மாநகரில் 'வேலியண்ட்' என்னும் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அதில் சொல்லே இல்லை.

இரமணரிடம் இளையராஜாவுக்கு ஈடுபாடு மிகுதி. திருவண்ணாமலைக்கு அவர் பலகால் வந்து இரமணாசிரமத்தில் தங்கியதுண்டு. 'இரமண மாலை' என்னும் பாடல் தொகுதி அவ்வீடுபாட்டின் விளைவு. இத்தொகுதியின் தன்மையை அறிய இரமணர் பாட்டு எழுதிய சூழலை அறிதல் வேண்டும். அவர் விருபாட்சக் குகையில் இருந்த காலத்தில், உடனிருந்த அன்பர்கள் ஊருக்குள் சென்று பிச்சை ஏற்று வருவர். அக்கூட்டத்தின் பெயரைச் சொல்லிப் பிறரும் பிச்சை பெறத் தொடங்கவே, தமக்கென ஒரு தனிப்பாட்டு வேண்டும் என்று அன்பர்கள் கேட்டனர். இரமணர் மலையைச் சுற்றி வந்தபோது 108 கண்ணிகள் கொண்ட 'அட்சரமணமாலை' பிறந்தது. அகரம்முதல் எழுத்துகளின் வரிசையில் கண்ணிகள் தொடங்குகின்றன. ஆதலின் நினைவில் வைத்தல் எளிது; தெருவில் நடந்துகொண்டே பலர் சேர்ந்து பாடுதலும் எளிது. ஏட்டில் இருந்து படிப்பதற்கு அன்றி, கையில் ஓடேந்தி நடப்பவர் வாய்க்கென்று செய்த பாட்டு அது. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வாய்க்கென்று பாட்டுச் செய்த பாவலரின் தம்பிக்கு அது எளிதில் விளங்கியிருக்க வேண்டும்.

'இரமண மாலை'யில் இளையராஜா எழுதி, மெட்டமைத்து, தாமே பாடிய பாடல் ஒன்று பிச்சைப் பாத்திரத்தைப் பற்றியது. அவர் அதற்குத் தெரிந்தெடுத்த இராகம் மாயாமாளவகௌளை. கருநாடக இசை கற்கப் புகும் பிள்ளைகளுக்கு முதல் நாளில் சரளி வரிசை சொல்லித்தரும் அதே இராகம். 2009ஆம் ஆண்டில் பாலா இயக்கிய 'நான் கடவுள்' வெளிவந்தது; பிச்சையெடுத்து வாழ்வோரைப் பற்றிய படம் அது. அப்பாடலை அதில் மது பாலகிருஷ்ணன் பாடினார். ஆசிரமத்து அன்பர்க்கென எழுதிய பாட்டு, அவ்வாறு தமிழ்நாட்டுத் திரையரங்கு எங்கும் சென்றது.

இன்று மலையைச் சுற்றும் பாதையில் அப்பாட்டின் இரு வடிவங்களும் ஒலிக்கின்றன. மது பாலகிருஷ்ணன் பாடியதில் குரல் பயிற்சியால் மெருகேறியது. ஒலி தடையின்றிச் செல்கிறது. இளையராஜா பாடியதில் குரல் சற்றுத் தடித்தது. உயர்ந்த சுரங்களை எட்டும்போது உழைப்புத் தெரிகிறது. பெண்குரலில் பாடிய சிறுவனின் குரல் உடைந்த பின் எஞ்சிய குரல் அது. வழிநடையில் களைத்து அமர்ந்திருப்போருள் சிலர் முன்னதை விரும்புவர். சிலர் பின்னதைக் கேட்டதும் எழுந்து மீண்டும் நடக்கத் தொடங்குவர்.